காட்சிமுனையில் அரைமணி நேரம்

வேன் ஸ்டாண்டில் அவனுக்குப் பெயர் அரைமணி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான். மலைமேல் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, "அரைமணி நேரம்தான். அரைமணின்னா அரைமணி. அப்புறம் நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்று ஒவ்வொரு டிரிப்பிலும் மாற்றாமல் சொல்கிற மனிதனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சொல்வானே தவிர, இதுவரை யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மூன்று தடவை ஹாரன் அடிப்பான். கண்ணாடியில் பின்னால் இருக்கிற தலைகளை எண்ணுவான். பதினாலு வந்தால் வண்டி நகரும். ஒரு தலை குறைந்தால் இறங்கிப் போய், தடுப்புக் கம்பியில் சாய்ந்து வாயைப் பிளந்து நிற்கிற அந்த ஆசாமியைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து ஏற்றுவான். ஏறுகிறவர் "ஐயோ, இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னிருக்கலாமே" என்று மூக்கால் அழுவார். "கீழ போய் போட்டோவுல பார்த்துக்குங்க சார்" என்பான்.

முன்சீட் இந்தக் கணக்கில் வராது. டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சீட்டில் அவன் யாரையும் உட்கார விடுவதில்லை. எப்போதோ ஒருவர் அதில் உட்கார்ந்து, மலை ஏறி முடிகிற வரைக்கும் இது என்ன மரம், அது என்ன பறவை, இந்த மேகம் இன்றைக்கு இறங்குமா இறங்காதா என்று உயிரை எடுத்துவிட்டார். அன்றோடு சரி. அதற்கப்புறம் அந்த சீட்டில் தண்ணீர் கேனும் ஈரத்துண்டும் ஸ்பேனர் பையும்தான் சவாரி செய்கின்றன. அவை எதையும் கேட்பதில்லை.

காட்சிமுனையைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால் மலை அப்படியே காலடியிலிருந்து விழுந்துவிடும். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, நடுவில் வளைந்து வளைந்து ஓர் ஆறு, அது போய்ச் சேருகிற ஏரி. அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை என்று நீலம் வெளுத்துக்கொண்டே போகும். சில நாள் மேகம் நம் காலுக்குக் கீழே நகரும். ஊரில் பெரிய வாயாடி என்று பெயர் எடுத்தவர்கள்கூட அங்கே வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சு மறந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட இடம்.

அதற்கு முதுகைக் காட்டித்தான் அவன் வண்டியை நிறுத்துவான். பின்பக்கம் பள்ளத்தாக்கு, முன்பக்கம் ரோடு. கிளம்பும்போது திருப்ப வேண்டியதில்லை, நேராக வெளியே வந்துவிடலாம் அல்லவா? நிறுத்தியதும் சீட்டைச் சாய்ப்பான், ஈரத்துண்டை முகத்தில் போடுவான், அடுத்த நிமிஷம் குறட்டை. அரைமணி ஆனதும் உடம்பு தானாக எழுந்துவிடும். கைக்கடிகாரமே அவனைப் பார்த்துத்தான் நேரம் சரிசெய்துகொள்கிறது என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள்.

மலை அவனுக்கு வேறு விதமாகத்தான் தெரியும். மேகம் ஏறி வந்தால் பயணிகள் கைதட்டுவார்கள். அவன் முன்விளக்கின் ஃபியூஸைப் பற்றிக் கவலைப்படுவான். மழை பெய்து அருவி புதிதாக முளைத்தால் அவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தாவுவார்கள். எந்த வளைவில் மண் சரிந்திருக்குமோ என்று அவன் கணக்குப் போடுவான். பாவம், அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வளைவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்த அலுப்போடு இருக்கிற மனிதனிடம் போய், "குடுத்து வச்சவர் சார் நீங்க, தினமும் இதைப் பார்க்கறீங்களே!" என்று யாராவது ஒரு புண்ணியவான் தவறாமல் சொல்வார்.

"ஆமாங்க. சம்பளமே வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்பான் அவன்.

வீடு மலையடிவாரத்தில். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலையின் அடிப்பாறை மட்டும் கறுப்பாகத் தெரியும். அவன் மனைவி அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றுதான் இத்தனை வருஷமும் சமைத்தாள். பகலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை, காலையிலும் மாலையிலும் வீட்டில் சமையல் வேலை. போன வருஷம் விடுதியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டோடு இருக்கிறாள். மலைமேல் அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். "இப்ப சீசன், சீட் கிடைக்காது" என்றான். "இப்ப மழை, ஒண்ணும் தெரியாது" என்றான். பிறகு, "அங்க என்ன இருக்கு? மலைதான் இருக்கு. அதான் ஜன்னலைத் திறந்தா தெரியுதே" என்றான். அதற்கப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

போன வாரம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"பாப்பா மறுபடியும் போன் பண்ணினா."

பாப்பா என்பது மகள். வேறொரு ஊரில் வேலை, கைக்குழந்தை, புருஷனுக்கும் அங்கேயே வேலை. அம்மா வந்து தன்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று மாசக் கணக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டாளாம். வேணாம்னா முன்கூட்டியே சொல்லணுமாம். போனா பத்து நாள் இருந்துட்டு வர்ற மாதிரி போக முடியாது. குழந்தை என்கிட்ட ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் விட்டுட்டு வர்றது கஷ்டம். போனா போனதுதான்னு வச்சுக்குங்க."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அப்படியெல்லாம் அவன் அவளிடம் பேசிப் பழக்கமில்லை. உப்பு குறைவு, பால்காரர் வந்தாரா, கதவைச் சாத்து, இவைதான் அவர்கள் பேசுகிற பேச்சு. அதற்கு நடுவில் இந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"உன் இஷ்டம்" என்றான்.

எவ்வளவு பெரிய மடையன், பாருங்கள்.

அவள் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "அதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னை மேல கூட்டிட்டுப் போங்க. உங்க கூட நின்னு அதைப் பார்க்கணும். பார்த்துட்டு வந்து போறதா இருக்கறதான்னு சொல்றேன்" என்றாள்.

அவனுக்கு அது வரமாகத் தோன்றியது. இதற்குத்தான் இவ்வளவா? கூட்டிப் போனால் போயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி டிரிப்புக்கு வரச் சொன்னான். மேலே போய், கம்பி ஓரமாக நின்று, அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டான். அந்த இரண்டு மூன்று நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். 'நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்' என்பது ரொம்ப நாடகமாக இருந்தது. 'போகாதே' மட்டும் போதும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் நல்ல உடை உடுத்தி ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். தண்ணீர் கேனையும் ஸ்பேனர் பையையும் கீழே தள்ளி முன்சீட்டை அவளுக்குத் துடைத்துக் கொடுத்தான். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. "என்னப்பா, முன்சீட்டுக்கு விடிவுகாலம் வந்துடுச்சு போல!" என்று ஒருவன் கத்தினான். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் பதினாலு பேர், பக்கத்தில் அவள். வண்டி கிளம்பியது.

வழியெல்லாம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. முன்னால் இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவுக்கு வளைவு அவள் வாய் லேசாகத் திறந்து மூடியது. அவன் ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தான். தொந்தரவு தராத பயணி என்று நினைத்தான்.

பாதி மலையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அதன் அப்பா ஜன்னலைத் திறக்கச் சொன்னார், முன்னால் இருந்தவர் குளிர்கிறது என்று மூடச் சொன்னார், இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. "ரெண்டு பேரும் இறங்கி நடந்து வந்து பேசித் தீர்த்துக்குங்க, நான் மேல காத்திருக்கேன்" என்று அவன் ஒரு சத்தம் போட்ட பிறகுதான் அடங்கினார்கள். காட்சிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தலை விண்விண் என்று வலித்தது. வழக்கம்போலப் பின்னோக்கி எடுத்து, முதுகைப் பள்ளத்தாக்குக்குக் காட்டி நிறுத்தினான். கதவைத் திறந்தான். "அரைமணி நேரம்தான். அரைமணின்னா அரைமணி."

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அவள் இறங்கி அவனுக்காக நின்றாள்.

"நீ போ. இந்த வாந்தியைக் கழுவி விட்டுட்டு வந்துடறேன். நாத்தம் தாங்கலை."

"வருவீங்கள்ல?"

"அட, வர்றேன், போ."

அவள் போனாள். அவன் கேனில் இருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினான். துடைத்தான். கையை அலம்பினான். முழங்கால் வலித்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று சீட்டில் ஏறினான். தலைவலிக்கு இதமாக இருக்கட்டும் என்று ஈரத்துண்டை முகத்தில் போட்டான். அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்த இடத்தில், அந்த சீட்டில், அந்தத் துண்டுக்கு அடியில் தூங்கிப் பழகிய உடம்பு. அதற்கு மனைவி வந்திருப்பது தெரியுமா, மகள் டிக்கெட் போட்டிருப்பது தெரியுமா?

விழித்தபோது பக்கத்தில் வேறொரு வேன்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். இவன் வண்டி நகர்ந்தால்தான் அவன் வெளியே வர முடியும். "வர்றேன்டா, வானம் இடிஞ்சா விழுது?" என்று எழுந்து, துண்டை எடுத்து முன்சீட்டில் வீசினான். காலி கேனைத் தூக்கி அதே சீட்டில் வைத்தான். மூன்று தடவை ஹாரன். பயணிகள் ஓடி வந்து ஏறினார்கள். கண்ணாடியில் எண்ணினான். பதினாலு. கிளம்பினான்.

வண்டியில் இருந்தவர்கள் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? முன்னால் வந்த அம்மா மேலேயே வேலை பார்க்கிறவர் போல, அதுதான் இறங்கிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் எடுத்த போட்டோவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறக்கம் முழுக்க அவன் பிரேக்கிலிருந்து வந்த ஒரு கிறீச்சொலியைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டில் துண்டும் கேனும் இருந்தன. என்றைக்கும் இருக்கிறபடி இருந்தன.

ஸ்டாண்டில் ஆட்களை இறக்கினான். மெக்கானிக் கடைக்குப் போய் நாளைக் காலையில் பிரேக்கைப் பார்க்கச் சொன்னான். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினால், கதவு பூட்டியிருந்தது.

அவனுக்கு எரிச்சலாக வந்தது. அலுத்துக் களைத்து வருகிற நேரத்தில் எங்கே போய்த் தொலைந்தாள்? சாவியும் அவளிடம்தான் இருக்கிறது. போன் போட்டான். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. அந்தப் போனுக்கு பேட்டரி போய் மாசக் கணக்காகிறது. சார்ஜரில் செருகியிருந்தால்தான் பேசும், சுவரை விட்டு நகராது. புதிது வாங்கித் தருகிறேன் என்று அவன்தான் சொல்லியிருந்தான். கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அங்கே தையல்கார அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல எங்கயாவது போறேன்னு சொல்லிட்டுப் போனாளா? சாவி குடுத்தாளா?"

தையல்கார அக்கா மிஷினை நிறுத்தினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தம்பி கேக்கறே? உன் கூடத்தானே வண்டியில மலைக்குப் போனா?"

அவனுக்கு நெஞ்சு பகீரென்றது. ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல ஓடியது. துடைத்துக் கொடுத்த சீட், வருவீங்கள்ல என்ற குரல், கண்ணாடியில் எண்ணிய பதினாலு தலை. "ஐயோ" என்றான். தையல்கார அக்கா எழுந்து வருவதற்குள் வண்டியில் ஏறிவிட்டான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் செக்போஸ்ட். இருட்டுகிற நேரத்தில் மேலே போக வண்டிகளை விடமாட்டார்கள். தடுப்புக் கட்டையை இறக்கியிருந்தார்கள்.

"இனிமே கிடையாது. காலையில வா" என்றார் செக்போஸ்ட்காரர்.

"அண்ணே, மேல ஒரு ஆளை விட்டுட்டேன்."

"நீயா? அரைமணியா ஆளை விட்டுட்டு வந்தது? யாரைய்யா?"

"என் வீட்டுக்காரியை."

செக்போஸ்ட்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போய்க் கட்டையைத் தூக்கினார்.

அன்று மாலை மலை இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. மேற்கே மேகம் விலகி, வெயில் கடைசியாகச் சாய்ந்து, பாறையெல்லாம் பொன்னாக நின்றது. பள்ளத்தாக்கிலிருந்து பறவைகள் கூட்டமாக மேலெழுந்து கூடு திரும்பின. வளைவுக்கு வளைவு அந்த வெளிச்சம் வண்டிக்குள் வந்து அவன் கையிலும் மடியிலும் விழுந்தது. அவன் எதையும் பார்க்கவில்லை. ரோட்டு ஓரத்தை மட்டும் பார்த்தான். நடந்து இறங்கி வருகிறாளோ? வழி தவறிப் போய்விட்டாளோ? அந்தக் கம்பி ஓர் இடத்தில் ஆட்டம் கண்டிருக்கிறதே, அதில் சாய்ந்திருப்பாளோ? நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தான். வாய்விட்டு அவள் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. இந்தா, ஏய், இங்க பாரு என்றே காலம் ஓடிவிட்டது.

மேலே வண்டிகள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. டீக்கடைக்காரர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? அதோ இருக்காங்க" என்று கையைக் காட்டினார். "ரெண்டு வண்டிக்காரங்க கூப்பிட்டுப் பார்த்தாங்க. ஏற மாட்டேன்னுட்டாங்க. குளிருதே, உள்ள வந்து உக்காருங்கம்மான்னு நானும் சொன்னேன். இங்கயே நல்லா இருக்குன்னுட்டாங்க."

கம்பி ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி டீ டம்ளர். அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிட்டே ஓடினான். ஓடி என்ன சொல்வது? மூச்சு வாங்க நின்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அழுத அடையாளமும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"வீட்டுக்குப் போய்ட்டா வந்தீங்க?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். "ஆமா" என்றான்.

"பூட்டியிருந்ததா?"

"ம்."

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அவன் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உன்னை மறக்கலை நான்" என்றான். "சத்தியமா மறக்கலை. நீ இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். "இத்தனை வருஷமா அப்படித்தானே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க."

கீழே ஏரி மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தது. அவள் பார்வை அதை விட்டு நகரவில்லை.

"வண்டி கிளம்பிப் போச்சே, அப்ப ஓடி வந்து கையைக் காட்டினேன். உங்களுக்குத் தெரியலை. முதல்ல அழுகை வந்துச்சு. எவ்வளவு நேரத்துல ஞாபகம் வருதுன்னு பார்ப்போம்னு உக்காந்தேன். அடுத்த வளைவுல திரும்பிடுவார்னு நெனச்சேன். அதுக்கு அடுத்த வளைவுலன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு மேகம் ஏறி வந்துச்சு. என்னையே மூடிடுச்சு. கையை நீட்டினா கை தெரியலை. அது விலகினப்போ நீங்க வர்றீங்களான்னு பார்க்க மறந்து போச்சு எனக்கு."

அவன் காலி டீ டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"இந்த வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீங்க வீட்டுக்கு வந்து சொல்வீங்க. ஞாபகம் இருக்கா? சாப்பிடக்கூட மாட்டீங்க. இன்னிக்கு மேகம் காலுக்குக் கீழ போச்சு, இன்னிக்கு ஏரியில சூரியன் ரெண்டாத் தெரிஞ்சுதுன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்வீங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்து கேப்பேன்."

"நானா?" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்பது போல இருந்தது.

"நீங்கதான். நீங்க சொன்னதுல ஒண்ணுகூட பொய் இல்லை. எல்லாம் அப்படியே இருக்கு. சொன்ன ஆளைத்தான் காணோம்."

அவன் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்த்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு, கடமையாக, உயிரைக் கொடுத்துப் பார்த்தான். டீசல் பங்க் விளக்கு தெரிந்தது. மண் சரிகிற நாலாவது வளைவு தெரிந்தது. டயர் கடைக்குப் போகிற ரோடு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது, இத்தனை வருஷம் வந்துபோன தனக்கு ஏன் தெரியவில்லை?

"எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றான், திரும்பாமலே. "நீ என்ன பார்த்தேன்னு காட்டு. கூட நின்னு காட்டு."

அவள் எழுந்து வந்து நின்றாள். ஆனால் கையை நீட்டி எதையும் காட்டவில்லை.

"பாப்பாகிட்ட வர்றேன்னு சொல்லப் போறேன்" என்றாள்.

அவன் கம்பியை இறுக்கிப் பிடித்தான். குளிரில் கம்பி சில்லென்று இருந்தது. இந்தத் தடவை வார்த்தை தொண்டையில் நிற்கவில்லை.

"போகாதே" என்றான். "எனக்கு யாரு இருக்கா? போகாதே."

அவள் அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மலையைப் பார்த்த அதே கண்ணால், ஒன்றையும் விடாமல், நரைத்த மீசை, வெடித்த உதடு, டீசல் கறை படிந்த கை எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கு சாப்பிடும்போது சொல்லியிருந்தீங்கன்னா, நான் மலையே கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

"இப்ப சொல்றேன்ல?"

"இப்ப பார்த்துட்டேனே."

டீக்கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு, கிளம்பவில்லையா என்று குரல் கொடுத்தார். அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். கேனையும் துண்டையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் டீக்கடைக்காரர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனே அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டான். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தான். ஜன்னல் பக்கம் சீட் வாங்கிக் கொடுத்தான். "குழந்தையைப் பார்த்துக்கோ" என்றான். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் அவள். பஸ் கிளம்பி, சந்தைத் திருப்பம் தாண்டி, பாலம் ஏறி, புள்ளியாகி மறைகிற வரைக்கும் அவன் கண்ணை எடுக்கவில்லை. மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வேனில் ஏறி உட்கார்ந்திருந்த முதல் டிரிப் பயணிகள் ஹாரனை அடித்து அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.